இழந்த சுரங்களை மீட்டவர்

 

திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுவின் முன்வரிசையில் நின்று, நீண்ட கறுப்புக் குழல் ஒன்றை ஊதிச் செல்பவரைப் பார்த்திருப்பீர்கள். கிளாரினெட் என்பது அதன் பெயர். சிறுவனாக இருந்தபோது அந்தக் குழலின் பின்னால் இரண்டு தெருக்கள் நடந்து போய்விட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிந்தி வந்ததற்காக அத்தாவிடம் வாங்கிய ஏச்சு இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. அத்தகைய ஒருவன் பின்னாளில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியனாகி, கிளாரினெட் வாசித்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுகிறான் என்றால், உங்கள் புருவம் சற்றே உயரத்தான் செய்யும்.

இசைக் கருவிகள் குறித்து நம் மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளவற்றை நீங்கள் அறிவீர்கள். அதில் தீர்ப்பு உரைக்க நான் வரவில்லை. அதற்குத் தகுதியுடையோர் இருக்கின்றனர். ஒரு மனிதரின் உழைப்பு, நான் செய்த ஒரு பிழையை எனக்கு எடுத்துக் காட்டியது. அந்தப் பிழை உங்கள் மஹல்லாவிலும் நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே எழுதத் துணிந்தேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மதரஸாவில் ஹிஃப்ழு வகுப்பு மாடியில் நடந்துவந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன். கூர்மையான நினைவாற்றல் உள்ளவன். சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் அவனுடைய தகப்பனார் நாள்தோறும் சுப்ஹுக்குப் பிறகு அவனைத் தோளில் சுமந்து பத்தொன்பது படிகள் ஏறி வந்து விட்டுவிட்டு, வேலைக்கு ஓடுவார். சில வாரங்களில் அவருக்கும் முதுகு வலி கண்டது. ஒருநாள் நான் அவரை அழைத்து, "நீங்களும் சிரமப்பட வேண்டாம், பிள்ளையும் சிரமப்பட வேண்டாம். கடைசி ஜுஸ்வுவோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டிலேயே ஓதிவரட்டும், அல்லாஹ் அவனுக்கு அதிலேயே முழு நன்மையும் தருவான்" என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சரிங்க ஹஜ்ரத்" என்றார். பையன் மட்டும் கேட்டான்: "நாளைக்கு ஸபக்கை யார்கிட்டே ஒப்பிக்கிறது, ஹஜ்ரத்?"

அன்றாடம் மனனம் செய்யும் புதுப் பாடத்தைத்தான் ஸபக் என்போம். நான் பதில் சொல்லவில்லை. இரக்கத்தோடு நடந்துகொண்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

கலைக்கல்லூரியில் வரலாறு பயின்ற நாள்களில் என்னைத் தொற்றிக்கொண்ட பழக்கம் ஒன்றுண்டு: மறைந்தவர்களைப் பற்றி எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடி வாசிப்பது. அந்தப் பையன் வராமற்போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்த ஓரிரவில்தான் ஆலன் ஹேக்கரின் வரலாறு என் கண்ணில் பட்டது.

ஆலன் ஹேக்கர் 1938ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் பிறந்தவர். லண்டனிலுள்ள ராயல் அகாதமி இசைக் கல்லூரியில் கிளாரினெட் பயின்றார். 1958இல், இருபது வயதை எட்டும் பருவத்திலேயே, புகழ்பெற்ற லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம் பெற்றார். தாம் பயின்ற அகாதமியிலேயே மாணவர்க்குப் பயிற்றுவிக்கவும் செய்தார். அந்நாட்டு இசையுலகில் ஓர் இளைஞருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாய்ப்பது அரிது.

கிளாரினெட் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை இங்கே சிறிது சொல்ல வேண்டும். நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு உடையது. கிளாரினெட்டுக்கோ ஒற்றை நாணற் சீவல்தான். அதனைக் குழலின் வாயில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஊதும் மூச்சு அந்தச் சீவலை அதிரச் செய்கின்றது. உதடும் விரலும் வேலை செய்வது நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த மூச்சைத் தாங்கி நிறுத்தி, தேவைக்கேற்பச் சிறுகச் சிறுக விடுவது விலாவும் வயிறும் ஆகும். குழல் ஊதுபவர்க்கு உடல் முழுவதுமே கருவியின் ஒரு பகுதி எனலாம். நம் காரிகளும் இதனை நன்கு அறிவர்.

1966ஆம் ஆண்டு ஹேக்கரின் முதுகுத்தண்டுப் பகுதியில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டது. இரு கால்களும் செயலிழந்தன. முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் கழிக்க வேண்டியவரானார். லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவில் அவர் வகித்த பணி அந்த ஆண்டோடு முடிவுற்றது.

இங்கே அவருடைய வரலாறு முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "பாவம், நல்ல திறமைசாலி" என்று உலகம் இரங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கும். நானும் அந்தப் பையன் விஷயத்தில் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் மறு ஆண்டிலேயே, 1967இல், பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், ஹாரிசன் பர்ட்விஸ்ல் என்னும் இரு இளம் இசையமைப்பாளர்கள் தொடங்கிய 'பியரோ ப்ளேயர்ஸ்' என்ற சிறு குழுவில் ஹேக்கர் நிறுவன உறுப்பினராக அமர்ந்திருந்தார். புத்தம் புது இசையை, அதுவரை எவரும் வாசித்திராத கடினமான படைப்புகளை அரங்கேற்றிய குழு அது. அவருடைய வாசிப்பை மனத்திற்கொண்டே சில படைப்புகள் எழுதப்பட்டன. டேவிஸ் 1967இல் எழுதிய 'ஹிம்னோஸ்', பர்ட்விஸ்ல் 1976இல் எழுதிய 'மெலன்கோலியா ஒன்று' ஆகியவை அவற்றுள் அடங்கும். கால்கள் இயங்காத ஒருவருக்கென்று எளிதாக்கி எழுதப்பட்டவையாக அவற்றைக் கருதிவிடாதீர்கள். கிளாரினெட்டால் என்னவெல்லாம் இயலும் என்பதன் எல்லைவரை சென்று பார்க்கும் படைப்புகள் அவை.

இனி, என்னை மிகவும் உலுக்கிய பகுதிக்கு வருகிறேன்.

ஐரோப்பிய இசை மேதை மொஸார்ட், 1791ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தம் இறுதி நாள்களில், கிளாரினெட்டுக்காக ஒரு பெரும் படைப்பை எழுதி முடித்தார். தம் நண்பரும் தேர்ந்த கிளாரினெட் கலைஞருமான அன்டன் ஸ்டாட்லருக்காக எழுதியது அது. ஸ்டாட்லரிடம் இருந்த குழல் வழக்கமானதைவிட நீளமானது. சாதாரணக் குழலில் இல்லாத நான்கு தாழ்ந்த சுரங்கள் அதில் உண்டு. அவற்றையும் மனத்திற்கொண்டே மொஸார்ட் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் காலமானார். அவர் கைப்பட எழுதிய பிரதி பிறகு காணாமற் போயிற்று.

1801ஆம் ஆண்டில் பதிப்பாளர்கள் அப்படைப்பை அச்சிட்டு வெளியிட்டபோது ஒரு காரியம் செய்தார்கள். நீண்ட குழல் எல்லோரிடமும் இருக்கவில்லை. ஆகவே அந்தத் தாழ்ந்த சுரங்கள் வரும் இடங்களையெல்லாம் மேல் ஸ்தாயிக்கு மாற்றிச் சாதாரணக் குழலுக்குப் பொருந்துமாறு திருத்திவிட்டார்கள். ஆழத்தை நோக்கி இறங்கிச் செல்ல வேண்டிய வரி, பாதியிலே திடீரெனத் திரும்பி மேலே தாவியது. மறு ஆண்டே, 1802இல், லைப்ஸிக் நகர இசை ஏடொன்றில் மதிப்புரை எழுதிய ஒருவர் இம்மாற்றத்தைச் சுட்டிக்காட்டி, மூலத்தில் எவ்வாறு இருந்தது என்பதற்குச் சில இடங்களை எடுத்தும் காட்டினார். ஆயினும் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகள் அந்தத் திருத்திய வடிவமே மொஸார்ட்டின் படைப்பாகக் கச்சேரி மேடைகளில் ஒலித்தது.

அச்சிட்டவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். வாசிப்பவர்களின் சிரமத்தைக் குறைக்கவே எண்ணினார்கள். இருக்கும் குழலுக்கு ஏற்பப் பாடலைக் குறைத்தார்கள். பாடலுக்கு ஏற்பக் குழலை நீட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செக் நாட்டிலும் இங்கிலாந்திலும் அறிஞர் சிலர் இந்த உண்மையை மீண்டும் எடுத்துரைக்கத் தொடங்கினர். அதனைப் பிரிட்டனில் செவிக்கு எட்டச் செய்த முன்னோடிகளில் ஒருவர் ஹேக்கர். நோய் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திய சில ஆண்டுகளுக்குள்ளாகவே இந்தப் பணியில் இறங்கிவிட்டார். கீழ்ப்பகுதி நீட்டப்பட்ட குழலைக் கையில் எடுத்தார். மாற்றப்பட்ட இடங்களை ஆராய்ந்து மூல வடிவத்தை நெருங்க முயன்றார். அதனை மக்கள் முன் வாசித்துக் காட்டினார். 1969இல் 'மியூசிக்கல் டைம்ஸ்' என்னும் ஆய்விதழில் மொஸார்ட்டையும் அந்த நீண்ட குழலையும் பற்றிக் கட்டுரை எழுதினார். மூலப் பிரதி கிடைத்துவிடவில்லை. இன்றளவும் அது கிடைக்கவில்லை. ஆகவே மீட்கப்பட்டது முழுமையாக மூலமேதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆயினும் இன்று உலகின் பல மேடைகளில் அப்படைப்பு நீண்ட குழலில் வாசிக்கப்படுகின்றது. இறங்க வேண்டிய வரி தடையின்றி ஆழத்திற்கு இறங்குகின்றது.

வேதத்தோடு இசையை ஒப்பிடுவதாக எண்ணிவிட வேண்டாம். அல்லாஹ் அதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆனால் ஒரு ஹர்ஃபு பிசகினாலும் திருத்தாமல் விடாத மரபில் வளர்ந்த நமக்கு, நான்கு சுரங்களுக்காக ஒருவர் ஏன் இத்தனை பாடுபட்டார் என்பது எளிதில் விளங்கும். தன்னிடம் வந்து சேர்ந்ததை வந்தபடியே அடுத்தவரிடம் சேர்ப்பதும் ஓர் அமானிதமே.

ஹேக்கர் அத்தோடு நிற்கவில்லை. 1971இல் 'மேட்ரிக்ஸ்' என்னும் குழுவை நிறுவினார். 1972இல் 'மியூசிக் பார்ட்டி' என்ற மற்றொரு குழுவைத் தொடங்கினார். பழங்கால இசையை அந்தந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே வாசிப்பது இதன் நோக்கம். இன்றைய கிளாரினெட்டில் விரலுக்கு உதவும் விசைகள் ஏராளம். 18ஆம் நூற்றாண்டுக் குழலிலோ ஐந்தே விசைகள் கொண்டவை மிகுதி. அவற்றில் வாசிப்பது கடினம். அந்தக் கடினத்தை அவர் விரும்பி ஏற்றார். 1976இல் யார்க் பல்கலைக்கழகத்தில் இசை விரிவுரையாளரானார். 1977இல் 'கிளாசிக்கல் ஆர்கெஸ்ட்ரா' என்ற பெரிய குழுவை அமைத்து, அதனை நடத்தும் பொறுப்பையும் மேற்கொண்டார்.

மேல்நாட்டு இசைக்குழுவின் நடத்துநர் வழக்கமாக மேடையில் நின்றவாறு கையசைத்து, பல கலைஞர்களையும் ஒரே மூச்சாக இயங்கச் செய்பவர். ஹேக்கரால் நிற்க இயலாது, அமர்ந்தவாறே நடத்தினார். இசைநாடகங்களையும் இயக்கினார், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அரங்குவரை அப்பணி அவரை அழைத்துச் சென்றது. 1988இல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருதளித்துச் சிறப்பித்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், தமது 73ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கணக்கிட்டுப் பாருங்கள். நடமாடிய காலத்தில் அவர் கலைஞராக இயங்கியது எட்டு ஆண்டுகள். அவருடைய பெயரை நிலைநிறுத்திய பணிகள் அனைத்தும் அதற்குப் பிந்தியவை. 1966இல் யாரேனும் ஒருவர் அவர்மீது இரக்கப்பட்டு, "இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்லி, அவரும் "சரி" என்று தலையசைத்திருந்தால்?

வாசகர்களே, அந்தக் கேள்வி எழுந்ததும் என் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். 1801இன் பதிப்பாளர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அந்தப் பையனின் நாவிலும் நெஞ்சிலும் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தது பத்தொன்பது படிகளில். நானோ படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு, அவனுடைய பாடத்தைக் குறைத்தேன். முப்பது ஜுஸ்வு என்று எழுதப்பட்டிருந்ததை ஒரு ஜுஸ்வு என்று திருத்தினேன். அந்தத் திருத்தத்திற்கு இரக்கம் என்று பெயரும் சூட்டினேன்.

இத்தனைக்கும் இந்தப் பாடம் எனக்கு இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை எத்தனை முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்த அந்த எளியவர் பொருட்டாகவே 'அபஸ' என்னும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. அதற்குப் பின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை எவ்வளவு கண்ணியப்படுத்தினார்கள் என்பதையும் அறிவோம். பிலால் (ரலி) அவர்களோடு அவரும் மதீனாவின் முஅத்தினாகத் திகழ்ந்தார். அண்ணலார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். கண் இல்லாதவர் வீட்டோடு இருந்து ஓதிக்கொள்ளட்டும் என்று அவரை ஒதுக்கவில்லை. இதனையெல்லாம் மாடியில் அமர்ந்து நான் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய பிள்ளை கீழேகூட இல்லை.

மறுநாள் அஸருக்குப் பின் நிர்வாகிகளிடம் பேசினேன். தரைத்தளத்தில் ஓர் அறை இருந்தது. சந்தூக்கும், பழைய பாய்களும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களும் அதில் அடைந்து கிடந்தன. ஆண்டில் ஒரு மாதம் தேவைப்படும் அண்டாக்களுக்குத் தரைத்தளம். ஆண்டு முழுவதும் ஓதும் பிள்ளைகளுக்கு மாடி! இத்தனை காலம் அதனை யாரும் கேள்வி கேட்டதில்லை. "அண்டாவை யார் மாடிக்குத் தூக்குவது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இத்தனை நாளும் பிள்ளையைத் தூக்கியது யார்?" என்று இன்னொரு பெரியவரே பதிலுரைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அண்டாக்களை மேலேற்றினர். வாசற்படியில் ஒரு சாய்தளம் பூசப்பட்டது. செலவு பெரிதாக ஆகவில்லை. தேவைப்பட்டதெல்லாம் அப்படி எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான்.

பிறகு அந்தத் தகப்பனார் வீட்டிற்குச் சென்றேன். "தவறு என்னுடையது, மன்னியுங்கள்" என்றேன். அவர் பதறிப்போய், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஹஜ்ரத்" என்று என் கைகளைப் பற்றிக்கொண்டார். பையன் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "இதுவரைக்கும் ஓதுனது மறந்துபோச்சு ஹஜ்ரத்" என்றான்.

உண்மைதான். மனனம் என்பது நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டிய பயிர். ஏழு ஜுஸ்வு சரளமாக ஓதியவன், நான்கு மாத இடைவெளியில் நான்கை இழந்திருந்தான். அவற்றை மீண்டும் முதலிலிருந்து மனனம் செய்கிறான். அவன் வயதையொத்தவர்கள் முன்னேறிப் போய்விட்டார்கள். காணாமற்போன மூலப் பிரதியைப் போல அந்த நான்கு மாதங்களும் இனித் திரும்பா. அவற்றுக்கு நான்தான் பொறுப்பு. மறுமையில் கேட்கப்பட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்றும் உண்டு. வயிற்றுத் தசைகள் தளர்ந்துவிட்டதால் அவனுக்கு மூச்சு நீளுவதில்லை. நீண்ட வசனங்களில் பாதியிலேயே நிற்கிறான். முதலில் அவன் வெட்கப்பட்டான். தஜ்வீத் கலையில் அதற்கும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூச்சு முடிந்தால் நிறுத்தலாம். பின்பு, பொருள் சிதையாதபடி சில சொற்கள் பின்னே சென்று, அங்கிருந்து சேர்த்து ஓத வேண்டும். நிறுத்துவது குற்றமாகாது, நிறுத்திய இடத்தோடு விட்டுவிடுவதுதான் குறை. இதனைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, எனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் ஒருமுறை சென்று பாருங்கள். ஒளூச் செய்யும் இடத்திற்கு எத்தனை படிகள்? பெண் பிள்ளைகள் ஓதும் அறைக்கு ஊன்றுகோலோடு ஒருத்தியால் ஏற முடியுமா? உங்கள் தெருவில் நடக்க இயலாத பிள்ளை, பார்க்க இயலாத பிள்ளை, கேட்க இயலாத பிள்ளை எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேரிடம் நாம் அன்போடு, "நீ வீட்டிலேயே இருந்துகொள்" என்று சொல்லியிருக்கிறோம்? தாய்மார்களே, அத்தகைய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், என்னைப்போன்ற ஓர் ஆசிரியர் இரக்கத்தோடு பாடத்தைக் குறைக்க வரும்போது உடனே "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். "அறையைக் கீழே மாற்ற முடியுமா, ஹஜ்ரத்?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டிருந்தால் எனக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே புத்தி வந்திருக்கும்.

இன்று காலையில் அந்தப் பையன் இழந்த நான்கில் முதல் ஜுஸ்வை முழுமையாக ஒப்பித்தான். பதினோர் இடங்களில் மூச்சுக்காக நின்றான். பதினோர் இடங்களிலும் பின்னே சென்று சேர்த்து ஓதினான்.

குறைகளைக் கண்டு பாடத்தைக் குறைக்காமல், தடைகளைக் கண்டு அவற்றை நீக்கும் நல்லறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.